இமையைக் காப்பது யார்?



"கண்ணை இமை காப்பது போல" என்று மேடையில் பேசும்போது எல்லாரும் சொல்லுவோம். தாய் பிள்ளையைக் காப்பதற்கும், இறைவன் அடியாரைக் காப்பதற்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதில்லை. ஆனால் அந்த இமைக்கே ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "நாமக்கட்டி போடு" என்பார்கள். மீதிப் பேர் "தானா போயிடும், விடு" என்பார்கள். பல சமயம் அது உண்மையிலேயே தானாகப் போய்விடும். சில சமயம் அப்படி விட்டால் பார்வையே போய்விடும். எது எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

நான் மருத்துவம் படிக்கவில்லை, இயந்திரவியல் மாணவன். ஆனால் இமையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. இது ஒரே நேரத்தில் கதவு, வைப்பர், எண்ணெய் போடும் கருவி, தண்ணீர்ப் பம்ப் என நான்கு வேலை செய்யும் இயந்திரம்.

இமையை நம் முன்னோர் பார்த்த விதம்

"ஒரு நிமிஷம் இருங்க" என்று தினமும் சொல்கிறோமே, அந்த நிமிஷம் என்ற சொல்லே இமையிலிருந்து வந்ததுதான். வடமொழியில் நிமேஷம் என்றால் கண் இமைப்பது. விஷ்ணு புராணத்தில் நிமி என்ற அரசன் வருகிறான். வசிஷ்டரின் சாபத்தால் உடலை இழந்த அவன், மறுபடியும் உடல் வேண்டாம் என்று சொல்லி, எல்லா உயிர்களின் கண்களிலும் தங்கிவிட்டான். அதனால்தான் உயிர்கள் இமைக்கின்றன என்பது கதை. சீதையின் தந்தை ஜனகர் இந்த நிமியின் வம்சம். தமிழிலும் இதே அளவைதான். எழுத்தின் ஒலி அளவான மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் அளவாகச் சொல்கிறது.

தேவர்களை 'இமையவர்' என்கிறோம், அவர்கள் இமைப்பதில்லை என்பதால். தமயந்தியின் சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனைப் போலவே உருவம் எடுத்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கண் இமைக்கவில்லை, உடல் வியர்க்கவில்லை, மாலை வாடவில்லை. இதை வைத்தே தமயந்தி உண்மையான நளனைக் கண்டுபிடித்தாள். மதுரை மீனாட்சிக்கு மீன் போன்ற கண். மீனுக்கு நம்மைப் போல மூடித் திறக்கும் இமை கிடையாது. மீன் கண் மூடாமல் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது போல அம்மன் உலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்லுவாங்க. ஆக, இமைக்காமல் இருப்பது தெய்வத்தின் அடையாளம், இமைப்பது மனிதனின் அடையாளம்.

மருத்துவ நூலிலும் இமைக்குத் தனி இடம் இருந்தது. சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் கண் நோய்களை 76 ஆக எண்ணுகிறது. அவற்றில் 21 இமை நோய்கள். கண்கட்டிக்கு அதில் அஞ்சனநாமிகா என்று பெயர், முதல் சிகிச்சை ஒத்தடம். இமை முடி உள்பக்கமாகத் திரும்பிக் கண்ணைக் குத்தும் நோய்க்குப் பக்ஷ்மகோபம் என்று பெயர். இமையின் மேல் யவ தானியத்தின் வடிவில் தோலை எடுத்துவிட்டுத் தையல் போடும் அறுவை முறையை சுஸ்ருதர் விவரித்திருக்கிறார். தோலை இழுத்துப் பிடித்தால் இமையின் ஓரம் வெளிப்பக்கம் திரும்பும் என்பதுதான் அதன் கணக்கு. இன்றும் இமையைத் திருப்பும் அறுவை சிகிச்சைகள் பலவற்றில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இமையின் தோல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. நம் உடம்பிலேயே மெல்லிய தோல் இதுதான். அதற்குள்ளே இமைக்கு விறைப்புக் கொடுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள், மேல் இமையில் சுமார் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் சுமார் 20 முதல் 30 வரை. 1666-இல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்ததால் மைபோமியன் சுரப்பி என்று பெயர்.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தச் சுரப்பிகளிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வெளியே வந்து கண்ணீரின் மேல் படர்கிறது. கண்ணீர்ப் படலம் சுமார் 3 மைக்ரோமீட்டர்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மேலே எண்ணெய் இல்லையென்றால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். அதே இமைப்பு பழைய கண்ணீரை மூக்கோரத்தில் உள்ள சின்னத் துளைக்குள் தள்ளி மூக்கிற்கு அனுப்புகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

இமையை மூடுவது ஒரு தசை, திறப்பது வேறொரு தசை. மூடும் தசைக்கு ஏழாவது மூளை நரம்பு, தூக்கும் தசைக்கு மூன்றாவது மூளை நரம்பு. இரண்டு நரம்பும் வேறு வேறு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்திற்கு 15 முறை இமைத்தால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 14,400 முறை. ஒரு இமைப்புக்கு 0.2 வினாடி என்று வைத்தால் 48 நிமிடம். தினமும் முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே நடக்கிறோம், படிக்கிறோம், மோட்டார் ஓட்டுகிறோம், நமக்குத் தெரிவதே இல்லை. கைப்பேசியையோ கணினியையோ உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இமைத்தாலும் முழுசாக மூடுவதில்லை. அசைன்மெண்ட் முடிக்கும் இரவில் கண் எரிவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அடிக்கடி வரும் இமை நோய்கள்

1. கண்கட்டி

மலாய் நண்பர்கள் இதைக் கெத்தும்பிட் என்பார்கள். குளிக்கிறவரை எட்டிப் பார்த்தால் வரும் என்று அவர்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. உண்மையில் இது இமை முடியின் வேரிலோ எண்ணெய்ச் சுரப்பியிலோ பாக்டீரியா புகுந்து சீழ் வைப்பது. சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கும்.

சிகிச்சை எளிது. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம். இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஈரத் துணி ஆவியாதலால் ஓரிரு நிமிடத்திலேயே ஆறிவிடும். அப்படியே வைத்திருந்தால் அது ஒத்தடம் இல்லை, வெறும் ஈரத் துணிதான். சுமார் 40 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தால்தான் கெட்டியான எண்ணெய் இளகும். அதனால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை மறுபடியும் நனையுங்கள். அதற்காகக் கொதிக்கும் நீரோ அவித்த முட்டையோ வேண்டாம். இமைத் தோல் மெல்லியது, சுட்டுவிடும்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதுவரை பிதுக்கவே கூடாது. பிதுக்கினால் கிருமி பக்கத்துத் திசுவுக்குப் பரவும். கண் மை, கான்டாக்ட் லென்ஸ் இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

நாமக்கட்டி? அது ஒரு வகை வெள்ளைக் களிமண். குளிர்ச்சியாக இருக்கும், கட்டிக்குள் இருக்கும் அடைப்பை அது திறக்காது. காய்ந்து உதிரும் தூள் கண்ணுக்குள் விழுந்தால் உறுத்தும். பாட்டி சொன்ன இரண்டு வைத்தியத்தில் ஒத்தடத்தை வைத்துக்கொள்வோம், நாமக்கட்டியை நெற்றிக்கே விட்டுவிடுவோம்.

2. வலியில்லாத கட்டி

கண்கட்டி ஆறிய பிறகோ, தானாகவோ, இமைக்குள் பயறு அளவுக்கு ஒரு உருண்டை நிற்கும். வலிக்காது. அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பி அது, டாக்டர்கள் கலேசியன் என்பார்கள். இதற்கும் ஒத்தடம்தான், ஆனால் சில வாரங்கள் பொறுமை வேண்டும். கரையாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, இமையின் உள்பக்கம் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். உள்பக்கமாகச் செய்வதால் வெளியே தழும்பு தெரியாது.

வயதானவர்களுக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால், அல்லது அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தால், "மறுபடியும் அதே கட்டிதான்" என்று விடக்கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் கலேசியன் மாதிரியே வேஷம் போடும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

3. இமை ஓரப் பொடுகு

காலையில் எழுந்தால் இமை ஓரம் ஒட்டிக்கொள்ளும், முடியின் அடியில் பொடுகு மாதிரி செதில் இருக்கும், அரிக்கும். இது பிளெஃபரைட்டிஸ். அடிக்கடி கண்கட்டி வருகிறவர்களுக்கு அடிப்படைக் காரணம் பல சமயம் இதுதான். ஒரேயடியாகக் குணமாவது அரிது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். முதலில் ஒத்தடம், பிறகு இமையை மெதுவாக அழுத்தித் தடவுவது, பிறகு பார்மசியில் கிடைக்கும் இமைத் துடைப்பானால் ஓரத்தைச் சுத்தம் செய்வது. தினமும் பல் விளக்குவது போல இதையும் பழக்கமாக்கிக்கொள்ளணும்.

கண் மை போடும் தங்கைகளே, தூங்கும் முன் அதை முழுசாகக் கழுவிவிடுங்கள். மையை யாருடனும் பகிர வேண்டாம். சில வகை சுர்மாவிலும் மையிலும் ஈயம் இருப்பது பல நாடுகளின் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கணும்னா கன்னத்தில் வையுங்கள், கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம்.

4. கண் துடிப்பு

ஆணுக்கு வலது துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது என்று சொல்லுவாங்க. ஜொகூரில் எனக்குத் தெரிந்த துடிப்புக்கெல்லாம் காரணம் வேறு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், பரீட்சை வாரத்தில் நாலாவது கப் காப்பி குடிக்கிறவர்களுக்கும்தான் அது அதிகம். தூக்கக் குறைவு, காப்பி, மன அழுத்தம் மூன்றையும் குறைத்தால் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில் நின்றுவிடும்.

இரண்டு கண்ணும் வலுக்கட்டாயமாக மூடிக்கொண்டால், அல்லது கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தால் டாக்டரிடம் காட்டணும். அதற்கு போடாக்ஸ் ஊசி உண்டு. அழகுக்கான ஊசி என்று நாம் நினைக்கும் அந்த மருந்துக்கு 1989-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்ததே இந்த இமை இறுக்கத்துக்கும் மாறுகண்ணுக்கும்தான்.

5. உள்ளே திரும்பிய இமை முடி

வயதாகி இமை தளர்ந்து உள்பக்கம் மடிந்தாலோ, பழைய தொற்றினால் தழும்பு ஏற்பட்டாலோ, முடி கருவிழியைத் தினமும் 14,400 முறை உரசும். சுஸ்ருதர் எழுதிய அதே பக்ஷ்மகோபம். இதற்கு ஒரு காரணமான டிரக்கோமா என்ற தொற்று, இந்தியாவில் எத்தனையோ பேரின் பார்வையைப் பறித்தது. 1963-இல் அங்கே தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கினார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா அதை நீக்கிவிட்டது என்று 2024 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. 61 வருட வேலை.

வீட்டில் தாத்தா பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால், கண்ணாடி முன் நின்று இமை முடியைப் பிடுங்கினால், "வயசாச்சு" என்று விடாதீர்கள். பிடுங்கிய முடி சில வாரங்களில் மறுபடியும் வளரும், குட்டையாக வரும்போது இன்னும் கூர்மையாகக் குத்தும். சின்ன அறுவை சிகிச்சையால் இதைச் சரி செய்யலாம்.

காத்திருக்கக் கூடாத நான்கு

இதுவரை சொன்னவற்றில் பலவற்றுக்கு நேரம் இருக்கிறது. இனி வருபவற்றுக்கு இல்லை. மற்றதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

முதலாவது, குழந்தையின் தொங்கும் இமை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இமையைத் தூக்கும் தசை சரியாக வளர்ந்திருக்காது. "அப்பா மாதிரியே தூக்கக் கண்", "வளர வளர சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்லுவாங்க. வளர்வது உடம்பு மட்டும்தான். பார்வை என்பது கண்ணில் மட்டும் இல்லை, மூளை அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கற்றல் பெரும்பாலும் முதல் ஏழெட்டு வயதுக்குள் நடக்கிறது. அந்த வயதில் இமை கண்ணின் பாப்பாவை மறைத்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். பிறகு இமையைத் தூக்கி வைத்தாலும் பார்வை முழுசாகத் திரும்பாது. குழந்தை தாடையை உயர்த்திப் பார்க்கிறதா, புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். நெற்றித் தசையோடு இமையை இணைத்துத் தூக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. எப்போது செய்வது என்பதைக் கண் நிபுணர் முடிவு செய்யட்டும். அவரிடம் அழைத்துப் போவது மட்டும் நம் வேலை.

இரண்டாவது, பெரியவர்களுக்குத் திடீரென்று தொங்கும் இமை. கூடவே கடுமையான தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருப்பது ஆகியவை சேர்ந்தால் மூன்றாவது நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். மூளை இரத்தக் குழாயின் வீக்கமாகவும் இருக்கலாம். உடனே 999. இன்னொரு வகை, காலையில் நன்றாக இருந்து மாலையில் தொங்கும் இமை. அது மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, நாள் கடத்தாமல் காட்டுங்கள்.

மூன்றாவது, மூடாத இமை. காலையில் எழுந்தால் முகத்தின் ஒரு பக்கம் கோணி, அந்தக் கண் மூடவில்லை. "காத்து அடிச்சிருச்சு" என்று எண்ணெய் தேய்க்கக் கூட்டிப் போவார்கள். ஏழாவது நரம்பின் முகவாதம் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூன்று நாள் எண்ணெய் தேய்த்துவிட்டு நாலாம் நாள் போனால் அந்த வாய்ப்பு போய்விடும். கண் மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூடுவது, இதையெல்லாம் டாக்டர் சொல்லித் தருவார். கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், அப்போதும் 999.

நான்காவது, காய்ச்சலோடு வரும் இமை வீக்கம். இமை முழுவதும் சிவந்து வீங்கி, கண்ணை அசைத்தால் வலித்து, கண் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால், பார்வை மங்கினால், தொற்று கண் குழிக்குள் போயிருக்கலாம். குழந்தைகளுக்கு இது வேகமாகப் பரவும். இரவு என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு 1 வெள்ளி. அங்கே கொடுக்கும் கடிதத்தோடு மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. பல வீடுகளில் நோயைவிடப் பெரிய தடை கூட்டிப் போக ஆள் இல்லாததுதான். அப்பா அம்மா ஷிப்ட் வேலையில் இருப்பார்கள், பாட்டிக்கு மலாய்ப் படிவம் நிரப்பத் தெரியாது. வீட்டில் லைசென்ஸ் இருக்கிற இளைஞர் நீங்கள்தானே? உங்களுடைய ஒரு காலைப் பொழுது ஒருவருடைய பார்வைக்குச் சமம்.

தினமும் செய்ய வேண்டியவை

• திரை பார்க்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தை 20 வினாடி பாருங்கள். அப்போது பத்து முறை முழுசாக இமையுங்கள்.
• மோட்டார் ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள். வேகத்தில் வரும் தூசியை இமையால் தடுக்க முடியாது.
• ஹோமப் புகையோ திருநீற்றுத் தூளோ கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், சுத்தமான நீரால் கழுவுங்கள்.
• கையைக் கழுவாமல் இமையைத் தொடாதீர்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

1. இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படிக்கட்டும், மற்றவர் அவர் எத்தனை முறை இமைக்கிறார் என்று எண்ணட்டும். பிறகு சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணி ஒப்பிடுங்கள்.
2. ஒரு துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, எத்தனை நிமிடத்தில் ஆறுகிறது என்று கவனியுங்கள்.
3. வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டி, தம்பி, தங்கை ஒவ்வொருவருடைய இரண்டு இமைகளையும் நேராகப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? முழுசாக மூடுகின்றனவா? அடுத்த வகுப்பில் பேசுவோம்.

தெய்வத்துக்கு இமைக்கத் தேவையில்லை. நமக்கு இமை வேண்டும். அது ஓய்வில்லாமல் நம் கண்ணைக் காக்கிறது. அதைக் காக்கும் வேலை வீட்டில் உள்ள நமக்குத்தான் தரப்பட்டிருக்கிறது.